மகளிர் கவுன்டி கிரிக்கெட்டில் பேட்டராக நிலைத்து நிற்பது எப்படி

இங்கிலாந்தில் மகளிர் கவுன்டி சாம்பியன்ஷிப் 1997 முதல் 2019 வரை நடந்தது. அந்தக் காலத்தில் கவுன்டிக்குத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியவர்களில் பெரும்பாலோர் வாரநாட்களில் ஆசிரியராகவோ, அலுவலகத்திலோ, கல்லூரியிலோ இருந்தார்கள். பேட்டிங்கே தொழில் என்று சொல்லும் நிலை 2020 டிசம்பரில்தான் வந்தது. கவுன்டிகளுக்குப் பதிலாக 2020-இல் வந்த எட்டு மண்டல அணிகளுக்கும் சேர்த்து 41 பேருக்கு முழுநேர ஒப்பந்தம் கிடைத்தது அப்போதுதான். 2025-இல் மண்டல அணிகளைக் கலைத்துவிட்டு ஆட்டத்தை மறுபடி கவுன்டிகளிடமே ஒப்படைத்தார்கள். டர்ஹம், எசெக்ஸ், ஹாம்ப்ஷயர், லங்காஷயர், நாட்டிங்ஹம்ஷயர், சாமர்செட், சர்ரே, வார்விக்‌ஷயர் ஆகிய எட்டும் அந்த ஆண்டின் முதல் அடுக்கு. நாட்டிங்ஹம்ஷயர் மகளிர் அணி ‘தி பிளேஸ்’ என்ற பெயரில் ஆடுகிறது. யார்க்‌ஷயர் 2026-இலும் கிளாமர்கன் 2027-இலும் முதல் அடுக்கில் சேர்வதாக ஏற்பாடு. கென்ட், சசெக்ஸ், மிடில்செக்ஸ் போன்ற பழைய பெயர்கள் இரண்டாம் அடுக்கில். சிறிய கவுன்டிகள் மூன்றாம் அடுக்கில்.

எங்கே ஆட வேண்டும் என்பதை இந்த அடுக்குகளை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முதல் அடுக்கு அணியில் முதல் நான்கு இடங்களும் பெரும்பாலும் இங்கிலாந்து வீராங்கனைகளுக்கும் வெளிநாட்டு வீராங்கனைகளுக்கும் போய்விடும். ஆனால் இங்கிலாந்து அணி ஆடும் வாரங்களில் அவர்கள் இருக்க மாட்டார்கள். காலண்டரைக் கையில் எடுத்து சர்வதேசத் தொடர்கள் வரும் வாரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அணியின் ஆறாவது, ஏழாவது பேட்டருக்கு வேலை கிடைப்பது அந்த வாரங்களில்தான். தேர்வாளர்கள் அவரை எடைபோடுவதும் அப்போதுதான்.

உள்ளே போகும் வழி

சிறுமிகள் கிளப்பில் தொடங்கி, கவுன்டியின் வயதுவாரி அணிகள் வழியாக அகாடமிக்குப் போவதுதான் வழக்கமான பாதை. அது ஒன்றே பாதை என்று நினைத்து, 13 வயதில் தேர்வாகவில்லை என்று பையைப் பரணில் போட்டுவிடாதீர்கள். கிளப்பின் முதல் அணியில், பெரியவர்கள் வீசும் பந்தில், புல் தரை விக்கெட்டில் எடுக்கும் ரன்னுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. ஸ்கோர்களை ‘ப்ளே-கிரிக்கெட்’ தளத்தில் கிளப் சரியாக ஏற்றுகிறதா என்று ஒவ்வொரு திங்கள்கிழமையும் பாருங்கள். பெயரை இரண்டு விதமாக எழுதியதால் ஒரே வீராங்கனையின் ரன்கள் இரண்டு கணக்காகப் பிரிந்து கிடப்பது அடிக்கடி நடக்கிறது. உங்கள் பக்கத்தை ஒரு பயிற்சியாளர் திறந்து பார்க்கும் நாளில் பாதி ரன்தான் அவர் கண்ணில் படும்.

சிறுவர் அணியிலும் ஆடுங்கள், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள். வேகத்தைச் சந்திக்கும் பழக்கம் அங்கே வரும். மெதுவாக வரும் பந்துக்கு நாமே வேகம் கொடுத்து அடிப்பது மகளிர் ஆட்டத்தில்தான் வரும். கவுன்டியில் சோறு போடுவது இந்த இரண்டாவது திறமை.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஒரு பருவம் ஆடப் போக நினைப்பவர்கள் விசாவை முதலில் பாருங்கள். மாநில அளவில் ஆடியவர் சம்பளமே வாங்காவிட்டாலும் தொழில்முறை வீராங்கனையாகக் கருதப்பட வாய்ப்புண்டு. சுற்றுலா விசாவில் போய் கிளப் ஆட்டம் ஆடிச் சிக்கிக்கொள்ளாதீர்கள். எந்த விசா, யார் உத்தரவாதம் என்று கிளப்பிடம் எழுத்தில் வாங்குங்கள்.

அளவுகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மகளிர் பந்தின் எடை 140 முதல் 151 கிராம், சுற்றளவு 21 முதல் 22.5 செ.மீ. பவுண்டரி பொதுவாக 55 முதல் 64 மீட்டர். உள்வட்டத்தின் ஆரம் 23 மீட்டர்தான், ஆண்களுக்கு 27.43. பவர்பிளே முடிந்த பிறகு வட்டத்துக்கு வெளியே நான்கு ஃபீல்டர்கள்தான் நிற்கலாம். ஆண்களின் இருபது ஓவர் ஆட்டத்தில் ஐந்து பேர் நிற்பார்கள்.

உள்வட்டம் சிறியது என்றால் கவர், மிட்விக்கெட் ஃபீல்டர்கள் உங்களுக்கு அருகில் நிற்கிறார்கள். நேராகத் தள்ளிவிட்டு ஓடினால் ரன் அவுட். அதே சமயம் 23 மீட்டருக்கும் 55 மீட்டருக்கும் இடையே முப்பது மீட்டர் அகலத்தில் ஒரு வெற்றிடம் கிடக்கிறது. கவருக்கு மேலே தூக்கி 30 முதல் 40 மீட்டரில் விழும்படி ஆடினால் பெரும்பாலும் இரண்டு ரன். பலம் தேவையில்லை. மட்டையின் முகத்தைத் திறந்து வைத்து, அடித்த பிறகு கைகளைப் பாதியில் நிறுத்தினால் போதும். வலையில் இதைப் பழகவே முடியாது, பந்து எங்கே விழுந்தது என்று தெரியாது. மைதானத்தில் 30 மீட்டரில் நான்கு கூம்புகள் வைத்து, ஒருவர் கையால் எறியும் 24 பந்தை ஆடி, எத்தனை அந்தக் கட்டத்துக்குள் விழுந்தன என்று எண்ணுங்கள். கூம்பைத் தாண்டிப் பறந்தால் கைவீச்சு அதிகம். கூம்புக்கு முன்னால் விழுந்தால் தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

ரன் எடுக்காத பந்தான டாட் பாலின் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 60 பந்து ஆடுகிறீர்கள், அதில் 35 டாட். மீதி 25 பந்தில் ஐந்து பவுண்டரி, இருபது சிங்கிள். மொத்தம் 40 ரன், ஸ்டிரைக் ரேட் (நூறு பந்துக்கான ரன்) 67. அந்த 35 டாட்டில் பத்தை மட்டும் சிங்கிளாக மாற்றினால் 50 ரன், ஸ்டிரைக் ரேட் 83. ஒரு சிக்ஸர்கூடக் கூடுதலாகத் தேவைப்படவில்லை. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் முதல் நான்கு இடங்களுக்குள் நிரந்தரமாக இருக்க, சராசரி 35-ஐயும் ஸ்டிரைக் ரேட் 80-ஐயும் ஒட்டி இருக்க வேண்டும் என்பது எங்கள் மதிப்பீடு. சராசரி பலருக்கு வந்துவிடுகிறது. டாட் பாலில்தான் கோட்டை விடுகிறார்கள்.

கீப்பர் ஸ்டம்ப்பை ஒட்டி வரும்போது

கவுன்டிக்குப் புதிதாக வருபவர்கள் முதலில் தடுமாறும் இடம் இது. மகளிர் ஆட்டத்தில் மிதவேகப் பந்து பெரும்பாலும் மணிக்கு 100 முதல் 115 கி.மீ. வேகத்தில் வரும். ஏப்ரல் மாதத்து ஈரமான விக்கெட்டில் பந்து தையலில் குத்தித் திசை மாறுவதை அடக்க, பேட்டர் கிரீஸுக்கு ஒரு அடி வெளியே நிற்பார். உடனே கீப்பர் ஸ்டம்ப்பை ஒட்டி வந்துவிடுவார். நோக்கம் ஸ்டம்பிங் மட்டும் இல்லை. உங்களைக் கிரீஸுக்குள் தள்ளுவதுதான் முதல் வேலை. உள்ளே போனால் பந்துக்குத் திரும்பக் கூடுதல் தூரம் கிடைக்கிறது, நீங்கள் எல்பிடபிள்யூ வலைக்குள் வந்துவிடுகிறீர்கள்.

அப்போது மூன்றைச் செய்யுங்கள். பின்காலின் கட்டைவிரல் கோட்டுக்கு உள்ளே இருக்கும்படி நின்று, முன்காலை வழக்கத்தைவிட அரை அடி கூடுதலாக நீட்டுங்கள். கோட்டின் மேல் கால் இருந்தால் அவுட்தான், கோட்டுக்குப் பின்னால் ஏதாவது ஒரு பகுதி தரையில் பட்டிருக்க வேண்டும். அடுத்து, கீப்பர் அருகில் நின்றால் மெல்லிய எட்ஜைப் பிடிக்க அவருக்கு நேரமே இருக்காது, பின்னால் பெரிய இடமும் காலி. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே குறைந்த லெங்த்தில் வந்தால் மட்டையின் முகத்தைத் திறந்து தேர்ட் மேன் பக்கம் தாமதமாகத் தட்டுங்கள். இரண்டு முறை தட்டினால் அங்கே ஒரு ஃபீல்டரை வைத்தாக வேண்டும், வேறொரு இடம் திறக்கும். மூன்றாவது, லெக் பக்கம் போகும் பந்தை ஃபிளிக் செய்யும்போது பின்கால் தூக்காமல் பழகுங்கள். உடல் எடை முன்னால் சாய்ந்து பின்கால் குதிகால் எழும்போதுதான் லெக் சைடு ஸ்டம்பிங் நடக்கிறது. இங்கிலாந்தின் சாரா டெய்லர் இந்த ஒரு நொடியை வைத்தே பல நல்ல பேட்டர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். பயிற்சியில் உங்கள் கீப்பரை உண்மையாகவே மேலே நிறுத்தி ஆடுங்கள். கீப்பர் இல்லாத வலையில் இந்தத் தவறு தெரியவே தெரியாது.

ஸ்வீப்

மகளிர் கவுன்டி ஆட்டத்தில் நடு ஓவர்கள் முழுக்கச் சுழல்தான். லங்காஷயரின் சோஃபி எக்கிள்ஸ்டோன் போன்ற இடக்கைச் சுழல் பந்துவீச்சாளர் பத்து ஓவரில் மூன்று ரன் வீதம் கொடுத்தால், மீதி நாற்பது ஓவரும் உங்கள் தலையில் விழும். ஸ்வீப் இல்லாமல் இங்கே தொழில் நடத்த முடியாது என்று துணிந்து சொல்லலாம்.

முதலில் விதியைத் தெரிந்து வையுங்கள். லெக் ஸ்டம்புக்கு வெளியே குத்திய பந்துக்கு எல்பிடபிள்யூ கிடையாது. ஆஃப் ஸ்டம்பின் கோட்டுக்கு வெளியே காலில் பட்டால், அடிக்க உண்மையாக முயன்றிருந்தால் அதற்கும் கிடையாது. எனவே வலக்கை பேட்டர் ஆஃப் ஸ்பின்னருக்கு எதிராக முன்காலை ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வைத்து ஸ்வீப் ஆடினால் ஆபத்து குறைவு. இடக்கைச் சுழலில் ஸ்டம்ப் கோட்டில் குத்தித் திரும்பாமல் நேராக வரும் பந்துதான் கொல்லும். அந்தப் பந்தை மட்டும் மட்டை நேராக வைத்துத் தள்ளிவிடுங்கள்.

செய்முறை இப்படி. கீழ்க்கை மேலே சற்று நகரட்டும். முன்கால் முட்டி மடிந்து, தாடை முட்டிக்கு நேர் மேலே வர வேண்டும். பின்கால் முட்டி தரையில் படட்டும். மட்டை மேலிருந்து கீழாக, முன்காலுக்கு ஒரு அடி முன்னால் பந்தைச் சந்திக்க வேண்டும். முட்டி மடியாமல் இடுப்பை மட்டும் வளைத்தால் தலை ஆஃப் பக்கம் விழும், பந்து மேல் விளிம்பில் பட்டு ஷார்ட் ஃபைன் லெக்கில் கேட்ச். மட்டை கிடையாகத் தாமதித்து வந்தால் கையுறையில் படும்.

பயிற்சியை மூன்று லெங்த்தாகப் பிரியுங்கள். ஃபுல் பந்துக்கு ஃபைன் லெக் பக்கம் வழிய விடும் ஸ்வீப். நல்ல லெங்த்துக்குச் சதுரமாக அடிக்கும் ஸ்வீப். கொஞ்சம் குறைந்தால் ஸ்லாக் ஸ்வீப். ஒவ்வொன்றும் 20 பந்து, பிறகு எந்த லெங்த் வரும் என்று சொல்லாமல் 30 பந்து. இவற்றைவிடவும் குறைந்த லெங்த்தில் வரும் பந்துக்கு முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டால் அதுவே தோல்வி என்று கணக்கு வையுங்கள். அந்தப் பந்துக்குப் பின்னால் போய் வெட்டியிருக்க வேண்டும்.

ரிவர்ஸ் ஸ்வீப்பை அதற்கடுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். வெளியே நான்கு பேர்தான் என்பதால் ஸ்வீப்பை அடைக்க டீப் ஸ்கொயர் லெக்கையும் டீப் மிட்விக்கெட்டையும் வைத்த கேப்டனுக்கு லாங் ஆன், கவர் எல்லைக்கே ஆள் தீர்ந்துவிடும். ஆஃப் பக்கம் பின்புறம் வெறிச்சோடிக் கிடக்கும். பந்துவீசும் முன்பே வெளியே யார் யார் என்று எண்ணிவிட்டு ஸ்டான்ஸ் எடுங்கள்.

பருவத்தின் ஓட்டம்

2025 பருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 23-இல் ஐம்பது ஓவர் கோப்பை. மே மாதத்தில் எல்லா அடுக்குகளும் மோதும் இருபது ஓவர் கவுன்டி கோப்பை. மே கடைசியிலிருந்து ஜூலை வரை இருபது ஓவர் லீக்கான பிளாஸ்ட். ஆகஸ்ட் முழுக்க, அணிக்கு நூறு பந்து ஆடும் ஹன்ட்ரட். செப்டம்பரில் மறுபடி ஐம்பது ஓவர். ஒரே வீராங்கனை ஐந்து மாதத்தில் மூன்று விதமாக ஆட வேண்டியிருக்கிறது.

ஏப்ரலில் முதல் பத்து ஓவர் பந்து நகரும். உடலுக்கு அடியில், தாமதமாக ஆடுங்கள். ஆஃப் ஸ்டம்புக்கு நன்றாக வெளியே, ‘ஆறாவது ஸ்டம்ப்’ கோட்டில் வருவதைத் தொடாமல் விடுங்கள். பிளாஸ்டில் விக்கெட் ஏற்கெனவே உழைத்ததாக இருந்தால் பந்து நின்று வரும். கவர் டிரைவுக்கு முந்திக்கொண்டால் மிட் ஆஃபில் கேட்ச்தான். ஹன்ட்ரடில் பவர்பிளே முதல் 25 பந்துகள், ஒரே பந்துவீச்சாளர் தொடர்ந்து பத்து பந்து வீசலாம். ஒருவரின் ஐந்தாவது பந்துக்குள் அவரைப் படித்துவிட்டால் அடுத்த ஐந்தும் உங்களுடையது. 2025 எலிமினேட்டரில் 18 வயது டவினா பெரின் 42 பந்தில் சதம் அடித்தார். அதே பேட்டர் 2021-இல் 14 வயதில் ஹன்ட்ரடில் ஆடியவர். இடையில் போன நான்கு வருடங்களை யாரும் பேசுவதில்லை. வார்விக்‌ஷயர் பகுதியில் ஐம்பது ஓவரும் இருபது ஓவருமாக ஆடிக் கழித்த வருடங்கள் அவை. செப்டம்பரில் காலை பத்தரை மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தில் பனி ஈரம் ஒரு மணி நேரம் இருக்கும். ஒப்பந்தப் பேச்சு நடக்கும் மாதமும் அதுதான், எனவே அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்டுங்கள்.

குளிர்காலம்

அக்டோபர் முதல் மார்ச் வரை உள்ளரங்கம். விரிப்பில் பந்து சீராகவும் வேகமாகவும் எழும்பும், நகராது. ஆறு மாதம் அதில் நன்றாக ஆடியவர் ஏப்ரலில் புல் தரையில் பந்தின் வருகைக்கு முன்பே மட்டையை வீசிவிடுவார். முதல் நான்கு ஆட்டத்தில் நான்கு முறை மிட் ஆனில் பிடிபட்டால் காரணம் இதுதான். ஃபார்ம் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை.

பந்து எறியும் இயந்திரத்தை மணிக்கு 130 கி.மீ.க்கு ஏற்றி வைப்பதில் பயனில்லை. 105 முதல் 110-இல் வையுங்கள். அதிலும் இயந்திரத்தில் பந்துவீச்சாளரின் கை, மணிக்கட்டு எதுவும் தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். மீதியை, பயிற்சியாளர் பந்து எறியும் கோலான சைடுஆர்மிலும் உண்மையான சுழல் பந்துவீச்சாளர்களிடமும் ஆடுங்கள். மார்ச்சில் பழைய, மென்மையாகிப்போன பந்தைக் கொண்டு ஆடினால் நின்று வரும் பந்துக்குக் கை பழகும்.

பளு தூக்குவதை விடாதீர்கள். கால், இடுப்பு பலமும், மருந்துப் பந்தைப் பக்கவாட்டில் சுவரில் எறியும் பயிற்சியும் மட்டையின் வேகத்தைக் கூட்டும். பெண்களுக்கு முழங்காலின் உள்ளே இருக்கும் ஏசிஎல் தசைநார் கிழியும் ஆபத்து ஆண்களைவிட அதிகம். குதித்து ஒற்றைக் காலில் இறங்குவது, ஓடி வந்து சட்டென்று திரும்புவது இரண்டையும் வாரம் இருமுறை முறையாகச் செய்யுங்கள். பயிற்சி கூடும்போது சாப்பாடு கூடாவிட்டால் மாதவிடாய் தவறும், எலும்பில் நுண்விரிசல் வரும். மாதவிடாய் தொடர்ந்து நின்றுபோனால் அதை உடற்தகுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளாமல் அணி மருத்துவரிடம் அன்றே சொல்லுங்கள்.

மட்டை

ஆண்களின் தடித்த மட்டையைப் பார்த்து வாங்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு 1.02 முதல் 1.13 கிலோ சரி. மேல்கையால் மட்டும் பிடித்து ஒரு கவர் டிரைவை நிழலாக ஆடிப் பாருங்கள். மட்டையின் நுனி கீழே இழுத்தால் எடை அதிகம். புதிய மட்டையில் முகத்தாள் ஒட்டியிருக்காவிட்டால் ஒரு தேக்கரண்டி காய்ச்சாத ஆளி எண்ணெயை முகம், விளிம்பு, நுனியில் தேய்த்து ஒரு இரவு படுக்கை வசமாக வையுங்கள். கைப்பிடி மரம் சேரும் இடத்தில் எண்ணெய் படக்கூடாது, பசை விட்டுவிடும். பிறகு மரச் சுத்தியலால் அரை மணி அரை மணியாக மொத்தம் ஆறு மணி நேரம் தட்ட வேண்டும். விளிம்பை நேராக அடிக்காமல் சாய்வாகத் தட்டி உருட்டுங்கள். முன்பே அடித்துத் தயார் செய்தது என்று கடையில் சொன்னாலும் ஒரு மணி நேரமாவது தட்டுங்கள். நுனியில் வரும் விரிசல் பெரும்பாலும் இந்த அவசரத்தால்தான்.

ஒப்பந்தம்

2025 முதல் புதியவருக்கும் மூத்தவருக்கும் கவுன்டிகளில் குறைந்தபட்சச் சம்பளம் ஆண்களுக்கு இணையாக்கப்பட்டது. முதல் அடுக்கு கவுன்டி ஒவ்வொன்றுக்கும் இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் வருடத்துக்குச் சுமார் 13 லட்சம் பவுண்டு தருகிறது. கையெழுத்து போடும் முன் நான்கைக் கேளுங்கள். எத்தனை மாதச் சம்பளம்? காயம்பட்டால் என்ன ஆகும்? ஹன்ட்ரட் பணம் தனியா? இரண்டாம் அடுக்குக்குக் கடனாக அனுப்பினால் ஆட்ட நாட்கள் உறுதியா? தொழில்முறை வீரர் சங்கமான பிசிஏவில் உறுப்பினராகி, ஒப்பந்தத்தை அவர்களிடம் காட்டுங்கள். படிப்பு, ஆட்டத்துக்குப் பிந்தைய வேலை பற்றிப் பேச அவர்களிடம் தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பயிற்சியாளர் சான்றிதழை 22, 23 வயதிலேயே தொடங்குவது நல்லது.

இங்கிலாந்துத் தொப்பி கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்று நினைத்து 24 வயதில் விட்டுவிடுகிறவர்கள் நிறைய. எவலின் ஜோன்ஸ் இங்கிலாந்துக்கு ஆடாமலே 2021-இல் பிசிஏவின் சிறந்த மகளிர் வீராங்கனை விருது வாங்கினார். ஜார்ஜியா ஆடம்ஸ் 2020-இல் மண்டல அணிகளின் ஐம்பது ஓவர் போட்டியான ரேச்சல் ஹேஹோ ஃபிளின்ட் கோப்பையில் 154 நாட் அவுட் உட்பட 500 ரன் குவித்தவர். இங்கிலாந்துக்கு அறிமுகமானது 2024-இல், 30 வயதில். அணியிலிருந்து நீக்கப்பட்டால் ஒரு வாரத்துக்குள் தலைமைப் பயிற்சியாளரிடம் நேரம் கேட்டு உட்காருங்கள். “ஏன் நீக்கினீர்கள்” என்று கேட்காமல், “எந்த இடத்துக்கு என்னைப் பார்க்கிறீர்கள், அந்த இடத்தில் இப்போது ஆடுபவரிடம் இருந்து என்னிடம் இல்லாதது எது” என்று கேளுங்கள். வரும் பதிலைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஆறு வாரம் இரண்டாம் அடுக்கிலோ கிளப்பிலோ அந்த ஒன்றை மட்டும் ஆட்டத்தில் காட்டி, வீடியோவோடு திரும்பப் போங்கள்.